பாதி வழியில் திரும்பிய திருடன்

யார்மிலா ஸெலின்கோவா தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைத் திருடியாகவே கழித்தார். பதவி என்னவோ கணித விரிவுரையாளர். ஆனால் ப்ராக் நகரில், மாலா ஸ்த்ரானா சதுக்கத்து மூலையில் டிராம் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும், "யார்மிலாவா? எங்க திருடியாச்சே" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் பெருமை இருக்கும். கூடவே பழைய அடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது போல ஒரு சின்னச் சுளிப்பும் இருக்கும். அவரிடம் மூக்குடைபடாத ஆள் அந்தத் துறையில் கிடையாது.

அவர்கள் ஆராய்ச்சியே திருடன் போலீஸ் விளையாட்டுதான். நம்ப முடியாவிட்டால் நான் என்ன செய்ய, உண்மை அது. ஒரு தாளில் புள்ளிகள் இருக்கும், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள் இருக்கும். ஒரு பகுதிக்கு வண்ணம் அடித்திருக்கும், அது வீடு. மிச்சமெல்லாம் தெரு. காவலர்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. திருடன் தெருவில் சுற்றுவான். திருடன் ஒரு கோடு நகர்ந்தால், பிறகு காவலர்கள் ஆளுக்கு ஒரு கோடு நகரலாம், நகராமலும் இருக்கலாம். திருடன் வீட்டுக்குள் கால் வைக்கும்போது பக்கத்தில் காவலன் இருந்தால் மாட்டினான். இல்லாவிட்டால் ஜெயித்தான். எத்தனை காவலர் இருந்தால் இந்த வீட்டைக் காப்பாற்றலாம் என்பதுதான் கேள்வி.

சின்ன வீடென்றால் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். வீடு பெரிதாகப் பெரிதாக எப்பேர்ப்பட்ட கணினிக்கும் மூச்சு வாங்கும். இதற்குக் குறுக்கு வழியே கிடையாது என்று நிரூபிப்பதில் இந்த மனிதர்களுக்கு ஓர் அலாதி ஆனந்தம். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படுகஷ்டம் என்று ஏற்கனவே தெரிந்த வேறொரு விளையாட்டை எடுத்து, அதை ஒரு வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் கட்டுவார்கள். திருடன் இந்தச் சந்தில் திரும்பினால் ஆம், அந்தச் சந்தில் திரும்பினால் இல்லை. ஒளித்துவைத்தது பிசகில்லாமல் நடந்தால், வீட்டைக் காப்பதும் அதே அளவு கஷ்டம் என்று ஆகிவிடும். ஆனால் நாம் போட்ட பாதையில் திருடன் ஒழுங்காகப் போக வேண்டுமே. அவன் எங்கேயாவது டிமிக்கி கொடுத்தால் கட்டின வீடு மொத்தமும் தண்டம்.

அதனால்தான் அந்தச் சமையலறை ஆட்டம். யார் எதை நிரூபித்தாலும் வெளியே அனுப்புவதற்கு முன் இரண்டாம் மாடிச் சமையலறைக்கு வர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மேஜையில் இறைச்சிக் கடைத் தாளை விரித்து வீட்டை வரைவார்கள். பீர் பாட்டில் மூடிகள் காவலர்கள். உப்புக் குப்பி திருடன். நிரூபித்தவர் மூடிகளை நகர்த்துவார், நம்பாத ஒருவர் உப்புக் குப்பியை நகர்த்துவார். அந்த நம்பாத ஆள் பெரும்பாலும் யார்மிலாதான். திருடன் உள்ளே புகுந்துவிட்டால், புகுத்தியவர் போய் எல்லோருக்கும் கசகசா பன் வாங்கி வர வேண்டும். முதல் பன் மனமுடைந்தவருக்கு. யார்மிலா பேக்கரிக்குள் காலெடுத்து வைத்தாலே கடைக்காரி, "ஐயோ பாவம், இன்னைக்கு யாரு?" என்று கேட்டபடி பையைப் பிரிப்பாள்.

அவர் ஆடுவது தனி அழகு. உட்காரவே மாட்டார். மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உப்புக் குப்பியை ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவார். ஓடினால் கடைசி வரை ஓடுவார், திரும்பினால் புறப்பட்ட இடம் வரை திரும்புவார். எதிரே இருப்பவர் மூன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான்காவதில் நுழைந்து, "வந்துட்டேன் தங்கம், காபி போடு" என்பார். அதில் துளி ஏளனம் இருக்காது. ஓட்டையை எப்படி அடைக்கலாம் என்று மாலை முழுக்கக் கூட உட்கார்ந்து யோசிப்பதும் அவர்தான்.

பல் மருத்துவரான அவர் கணவர் லூபோஷுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "வயசான நீங்கள்லாம் சேர்ந்து திருடன் போலீஸ் ஆடறதுக்கா அரசாங்கம் சம்பளம் குடுக்குது?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பார்.

"நீ அடுத்தவங்க வாயைப் பார்க்கிறதுக்குக் குடுக்கிறாங்களே, அது மாதிரிதான். ஓட்டை எங்கேன்னு பார்க்கிற வேலை" என்பார் யார்மிலா.

ஊரார் வீட்டு ஓட்டையைப் பார்த்துப் பார்த்தே வயது போய்விட்டது. கூடச் சேர்ந்தவர்கள் பேராசிரியர்களானார்கள். பிறகு வந்தவர்களும் ஆனார்கள். அவர்கள் கட்டுரைகளின் கடைசியில், மிகச் சிறிய எழுத்தில், யார்மிலாவுக்கு நன்றி என்று இருக்கும். அவர் பெயரில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தேற்றம் கிடையாது. அதைப் பற்றி அவர் பேசியதும் கிடையாது. ஒரே ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது, "ஒண்ணே ஒண்ணு போதும் லூபோஷ். என்னோடதுன்னு ஒண்ணு" என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். லூபோஷுக்கு அன்றைக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.

அந்த ஒன்று ஓசைப்படாமல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. தெருவெல்லாம் ஒருவழிப் பாதையாக இருந்தால் காவல் ஆட்டம் மகா கஷ்டம் என்று முன்பே நிரூபித்துவிட்டார்கள். இருவழிப் பாதைக்குத்தான் பிரச்சினை. திருடன் வந்த வழியே திரும்பிப் போய், ஆம் என்று சொன்னதை இல்லை என்று மாற்றிவிடுவான். அதைத் தடுக்க யார்மிலா ஒரு பூட்டு கண்டுபிடித்தார். திருடன் ஒரு சந்தைக் கடந்ததும் உள்ளே ஒரு காவலன் நடந்து போய் ஓர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவான். அதற்குப் பிறகு திருடன் திரும்பி வந்தால் அவனுக்குத்தான் நஷ்டம். இப்படிப் பூட்டுப் பூட்டாகக் கோத்து, பல வருஷங்களில், பெரிய மாளிகை ஒன்றைக் கட்டிவிட்டார். ஜூனில் அவருக்குப் பணி ஓய்வு. மே மாதம், சதுக்கத்தில் வசந்தம் வந்து சுற்றுலாக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், "நான் ஒண்ணு நிரூபிச்சிருக்கேன். வியாழக்கிழமை சமையலறையில ஆடலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது காது மடல் சிவந்துவிட்டதாம்.

துறையே ஆடிப்போனது. திருடியே வீடு கட்டிவிட்டாள். எதிரே யார் திருடனாக நிற்பது?

துறைத் தலைவி ஷார்கா, யார்மிலாவிடம் இரண்டு தடவை மூக்குடைபட்டு, அந்த உடைந்த மூக்கோடுதான் இவ்வளவு பெரிய ஆளானவள். யார்மிலா மேல் உயிர். அவள் யோசித்து ஹினெக்கைப் பிடித்தாள். ஹினெக் யார்மிலாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். மாடிப்படி ஏறும்போதுகூட ஒவ்வொரு படியிலும் யோசித்து ஏறும் ஆள். பல வருஷங்களுக்கு முன் அவர் கொண்டுவந்த ஒரு பெரிய நிரூபணத்தை யார்மிலா ஒரே மத்தியானத்தில் தவிடுபொடியாக்கினார். அதற்குப் பிறகு ஹினெக் பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. வெகு நாள் அந்தச் சமையலறைப் பக்கமே வராமல் மேல்மாடியில் போய் டீ குடித்தார். பிறகு எப்படியோ சரியாகிவிட்டது.

"ஹினெக் சார், நீங்கதான் திருடன்" என்றாள் ஷார்கா. "ஆனா ஒண்ணு. அவங்களுக்கு இது கடைசி மாசம். கொஞ்சம்... பார்த்து ஆடுங்க."

"பார்த்துன்னா?"

"அதான் சார். உங்களுக்குத் தெரியாததா?"

ஹினெக் டீப் பையைப் பிழிந்து குப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சமையலறையில் நிற்க இடமில்லை. வேறு துறைக்காரர்கள்கூட வந்து குளிர்பெட்டி மேல் சாய்ந்து நின்றார்கள். ஷார்கா கேக் வாங்கி, 'வாழ்த்துகள் யார்மிலா' என்று சர்க்கரையில் எழுதவே சொல்லிவிட்டிருந்தாள். அதை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்ததும் எல்லோருக்கும் தெரியும். யார்மிலாவுக்கும் தெரியும், அலமாரிக் கதவு மூடவில்லை. மேஜையில் தாள் விரிந்து கிடந்தது. முழு மாளிகையும் எந்த மேஜையிலும் அடங்காது என்பதால் ஒரு கூடமும் வரிசையாகச் சில பூட்டுகளும் மட்டும் வரைந்திருந்தார். அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார். காவலர் பக்கம் அவருக்குப் பழக்கமில்லாத பக்கம்.

"என்னய்யா, கை நடுங்குது?" என்றார் ஹினெக்கைப் பார்த்து.

"உப்புக் குப்பி கனமா இருக்கு" என்றார் ஹினெக். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஹினெக் முன்னால் ஓடிப் பார்த்தார். ஒரு மூடி வந்து வழியை மறித்தது. புறப்பட்ட இடம் வரை திரும்பி வந்தார். காவலன் முன்பே இருக்கையில் உட்கார்ந்திருந்தான். வேறு சந்தில் போனார், அங்கேயும் அதேதான். யார்மிலாவின் தோளில் இருந்த இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொரு தடவை திருடன் ஏமாந்தபோதும் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசிப் பூட்டு வந்தது. திருடன் அதைக் கடந்தான். காவலன் தன் இருக்கையை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

அப்போது ஹினெக்கின் கை, உப்புக் குப்பியைப் பிடித்தபடி, ஓர் அடி பின்னால் போனது. தாளில் வைக்கவில்லை. அந்தரத்தில் நின்றது. அவர் தலை நிமிர்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குப்பியை முன்னால் கொண்டுபோய், எல்லோரும் எதிர்பார்த்த புள்ளியில் வைத்தார். யார்மிலா அடுத்த மூடியை நகர்த்தினார். திருடன் மாட்டிக்கொண்டான்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஷார்கா அலமாரியைத் திறக்க ஓடினாள். யாரோ பாட்டிலின் மூடியைத் திருகினார்கள். யார்மிலா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் ஹினெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைய ஒரு வழியைப் பார்த்துவிட்ட திருடனின் கை எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகத் தன் கையே அப்படி நின்றிருக்கிறது.  சும்மா இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? கேக் வந்துவிட்டது, ஜூனில் ஓய்வு. இந்த எண்ணம் அவருக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய்.

"இருங்க" என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. மேஜையைத் தட்டினார். "இருங்கப்பா கொஞ்சம்."

அறை அடங்கியது. யார்மிலா மூடிகளை ஒரு நகர்வு பின்னால் வைத்தார். உப்புக் குப்பியைத் தானே எடுத்து, ஹினெக்கின் கை அந்தரத்தில் நின்ற இடத்துக்கு நேர் கீழே வைத்தார். சந்தின் நடுப் புள்ளி. பாதி வழி. முழுக்க முன்னாலும் இல்லை, முழுக்கப் பின்னாலும் இல்லை. அவர் ஆயுளில் எந்த வீட்டிலும் திருடனை அப்படிப் பாதியில் திருப்பியதில்லை.

"இப்ப என் முறை. எந்தக் காவலனை நகர்த்தட்டும்?"

 எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். திருடன் பாதி வழியில் திரும்பிவிட்டான். காவலனும் இருக்கைக்குப் போகிற பாதி வழியில்தான் இருந்தான். திருடனுக்கு முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். காவலன் எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கம் காலி. நின்ற இடத்திலேயே நின்றாலும் எந்த வாசலுக்கும் ஓர் அடி பற்றாது. முதலில் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு காவலன் தன் வேலை முடிந்ததென்று அடுத்த பூட்டுக்குப் போயாகிவிட்டது. அவனை அனுப்பிய சிக்கனம்தான் யார்மிலாவின் கெட்டிக்காரத்தனமே.

"ஒரு காவலரைக் கூடச் சேர்த்துட்டா?" என்றாள் ஷார்கா. கையில் கேக் கத்தி.

"பூட்டுக்கு ஒருத்தரா? அப்புறம் எந்தத் திருடன் வந்தாலும் வீடு பத்திரமா இருக்கும், காக்கிறதுல கஷ்டமே இருக்காது. உள்ளே ஒளிச்சு வெச்ச ஆட்டம் செத்துப் போயிடும் கண்ணு." யார்மிலா உப்புக் குப்பியைப் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளினார். "போச்சு. கோட்டை விட்டுட்டேன். கேக்கை வெட்டுங்க, காய்ஞ்சுடும்."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில், பழைய அறிவிப்புப் பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். 

ஹினெக் வந்தார். பக்கத்தில் உட்காராமல் நின்றார்.

"எப்பப் பார்த்த?" என்றார் யார்மிலா.

"நீ பூட்டை வரையும்போதே ஒரு சந்தேகம். கை பின்னால போனப்போ தெரிஞ்சுடுச்சு."

"பார்த்துட்டு ஏன்யா விட்ட? ஷார்கா சொன்னாளா?"

"சொன்னா. ஆனா அவ சொன்னதுக்காக இல்ல."

"பின்னே எதுக்கு? பழைய கணக்குத் தீர்க்கவா? தப்பு வெளியே போகட்டும், ஊர் சிரிக்கட்டும்னா?"

"சீ" என்றார் ஹினெக். அந்த மெதுவான மனிதருக்கு அவ்வளவு வேகமாகக் கோபம் வரும் என்று அவருக்கே தெரியாது போல. பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ என் வீட்டை உடைச்சப்போ எனக்கு எப்படி இருந்ததுன்னு உனக்குத் தெரியாது யார்மிலா. சாப்பாடு இறங்கல. மழையில நதிக்கரையோரம் அப்படியே நடந்தேன். உன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அது உனக்கு வர வேண்டாம்னு கை முன்னால போயிடுச்சு. அவ்வளவுதான்."

 கீழே டிராம் திரும்பியது, பலகையின் கண்ணாடி கடகடத்தது.

"அன்னைக்கு நான் உன்மேல இரக்கப்பட்டு விட்டுக்குடுத்தேனா?" என்றார் யார்மிலா.

"இல்லை."

"நீ எழுதினதை வரிவரியாப் படிச்சேன். மூணு நாள் தூங்கல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதனாலதான் முழு பலத்தோட அடிச்சேன். நீ என்னடான்னா எனக்குக் குழந்தைக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி விட்டுக்குடுத்திருக்க. தோத்தது கூட வலிக்கலய்யா. இதுதான் வலிக்குது."

ஹினெக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மூணு நாளா?" என்றார்.

"மூணு நாள். லூபோஷைக் கேளு."

"இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே."

"நீதான் மேல் மாடிக்கு டீ குடிக்கப் போயிட்டியே. எங்கேன்னு வந்து சொல்றது?"

ஹினெக்குக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறெதுவாகவோ மாறியது. கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் துழாவினார். யார்மிலா தன்னுடையதைக் கொடுத்தார். அவர் துடைத்துக்கொள்ளும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் அவருக்கு அப்போது வந்த அன்புக்கு அளவே இல்லை, கோபமும் குறையவில்லை.

"ஜூனுக்குள்ள இதைச் சரி பண்ண முடியுமா?" என்று யார்மிலா கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் முடியும் என்று சொல்லியிருப்பார்கள். ஹினெக் யோசித்தார். தனக்குள்ளேயே ஒவ்வொரு பூட்டாக நடந்து பார்த்தார்.

"முடியாது" என்றார். "அடுத்த வருஷமும் முடியுமான்னு தெரியல. அடியிலேர்ந்து மாத்திக் கட்டணும்."

யார்மிலாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. அந்த ஒன்று கிடைக்காமலேயே போய்விடலாம் என்பது அந்த 'முடியாது'வில்தான் அவருக்கு உறைத்தது. ஆனால் மூச்சு சீராக வந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து தன்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் இவர்.

"ஜூனுக்கு அப்புறம் எனக்கு இந்தச் சமையலறை கிடையாதுய்யா."

"உன் வீட்டுல மேஜை இல்லையா?"

"லூபோஷ் கத்துவான்."

"கத்தட்டும். வியாழக்கிழமை தோறும் வரேன். ஆனா ஒண்ணு யார்மிலா, இனிமே விட மாட்டேன். நீ அழுதாலும் விட மாட்டேன்."

"எங்கே, ஆடு பார்ப்போம்" என்று யார்மிலா எழுந்தார்.

உள்ளே கேக்கை யாரும் தொடவில்லை. ஷார்கா கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யார்மிலா நேராக மேஜைக்குப் போய், நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, நின்றபடியே பென்சிலை எடுத்தார். கடைசிப் பூட்டை அழித்தார். இருக்கையை இரண்டு வாசலுக்கும் நடுவே கொண்டுவந்து, புதிதாக ஒரு நடைவழி போட்டார். ஹினெக் எதிரே வந்து தாளையே பார்த்தபடி நின்றார். அவர் பார்த்த நேரத்தில் ஒரு டிராம் போய் இன்னொன்றும் வந்துவிட்டது. ஒருவரும் அசையவில்லை.

"என்னய்யா, வழி தெரியலையா?" என்றார் யார்மிலா.

ஹினெக் உப்புக் குப்பியை எடுத்தார். பாதி வழி போனார், திரும்பினார், மறுபடி திரும்பினார், புதிதாகப் போட்ட அந்த நடைவழிக்குள்ளேயே நுழைந்து, மாளிகையின் நட்டநடுக் கூடத்தில் குப்பியை டொக்கென்று வைத்தார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யார்மிலாவின் முகத்தைப் பார்த்தார்.

யாரோ "அடப்பாவி" என்று முணுமுணுத்தார்கள். யார்மிலா கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு, அடுத்த தாளை விரித்தார்.